வெள்ளையடிப்பதற்கு முன்: வீடு விற்பனை குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகி, திருச்சி): எங்கள் தந்தை 1988ஆம் ஆண்டில் கட்டிய வீட்டை வரும் தை மாதத்தில் விற்றுவிட எண்ணியிருக்கிறோம். தந்தை 2019இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா என்னுடன் இருக்கிறார். அண்ணன் சிங்கப்பூரிலும் தம்பி ஓசூரிலும் இருக்கிறார்கள். வீடு இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓரிரு இடங்களில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. சுவர்களில் ஓதம் ஏறியிருக்கிறது. மாடியில் உள்ள இரண்டு அறைகளும் 2006இல் அனுமதி வாங்காமல் எழுப்பியவை. மொசைக் தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதித்து, மாடுலர் கிச்சன் அமைத்து, ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பெயின்ட் அடிக்க எட்டு லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அப்படிச் செய்தால் பதினைந்து லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் ஒப்பந்ததாரர் ஒருவர் சொல்கிறார். அம்மாவுக்கும் அதில் விருப்பம். செய்யலாமா?

பதில்: அந்த எட்டு லட்சத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டை மூன்று பேர் சோதிக்கப் போகிறார்கள். முதலாமவர் வாங்க விரும்புபவர். அவர் இருபது நிமிடம் சுற்றிப் பார்ப்பார். இரண்டாமவர் அவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர். அவர் வீட்டுப் பக்கமே வர மாட்டார், ஆவணங்களின் நகல்களை மட்டும் வரி வரியாகப் படிப்பார். மூன்றாமவர் வங்கி அனுப்பும் மதிப்பீட்டுப் பொறியாளர். அவர் கையில் அளவு நாடாவும் அனுமதி பெற்ற வரைபடமும் இருக்கும். ஒப்பந்ததாரர் சொல்லும் எட்டு லட்சம் முழுவதும் முதலாமவரின் இருபது நிமிடத்துக்கான செலவு. மதிப்பீட்டுப் பொறியாளனாகப் பல ஆண்டுகள் வங்கிகளுக்காக வீடுகளை அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேசி முடித்த விற்பனை முறிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மற்ற இருவரும் கேட்கும் கேள்விகளே.

ஆகவே முதலில் அலமாரியைத் திறந்து பத்திரங்களை எடுங்கள். தந்தை வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உயில் இல்லாத நிலையில், தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தாய்க்கும் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்காகச் சேரும். ஆகவே நால்வரும் கையெழுத்திட்டால்தான் கிரயம் முழுமையாகும். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விற்பதற்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியாக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நால்வரும் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுக்கும்போது அதற்குத் தேவையில்லை.

அண்ணனால் நேரில் வர இயலாது என்றால், அவர் சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரத்தை அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்குள்ள பதிவுத்துறையில் முத்திரைத் தீர்வை செலுத்தி முறைப்படுத்தப்பட வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கை மறந்துவிட்டுப் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கை பிசைந்து நின்ற குடும்பங்கள் உண்டு. இன்னொன்றும் அவர் கவனிக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், வாங்குபவர் அவருடைய பங்குத் தொகையில் உயர்ந்த விகிதத்தில் வருமான வரியைப் பிடித்தம் செய்தாக வேண்டும். உண்மையில் வரவேண்டிய வரி அதைவிடக் குறைவு என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்னதாகவே பெறலாம். ஒப்பந்தம் எழுதிய பிறகு அதற்கு விண்ணப்பித்தால் வாங்குபவரைக் காக்க வைக்க நேரிடும்.

அடுத்து வில்லங்கச் சான்றிதழ். பதிவுத்துறையின் இணையத் தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு எடுத்துப் பாருங்கள். வங்கி வழக்கறிஞர்கள் பொதுவாகக் கேட்பது அந்த அளவுதான். தந்தை எப்போதாவது வீட்டின் பேரில் கடன் வாங்கியிருந்து, அதை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தாலும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவு செய்யப்படாதவரை அந்த அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். தொண்ணூறுகளில் வாங்கி எப்போதோ அடைத்த கடன்களில் இந்தக் குறையை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்த சங்கமோ வங்கியோ இன்னொன்றோடு இணைந்திருந்தால், பழைய கணக்கைத் தேடி எடுத்து ரசீது எழுதி வாங்கவே சில மாதங்கள் ஓடிவிடும். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். பத்திரத்தில் 1,800 சதுர அடி, பதிவேட்டில் 1,740 சதுர அடி என்று இருந்தால், வங்கி சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பெரிய எண்ணுக்கு விலை பேசியிருப்பீர்கள். நில அளவருக்கு மனுச் செய்து அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

மாடி அறைகளைப் பற்றி ஒளிக்காமல் பேசுங்கள். வரைபடத்தில் இல்லாத பகுதிக்குப் பொறியாளர் மதிப்புப் போடாமல் விடலாம், அல்லது குறைத்துப் போடலாம். இதை முதல் நாளே தெரிந்துகொண்ட வாங்குபவர் அதற்கேற்பத் தம் கையிருப்பைத் திட்டமிடுவார். கடன் அனுமதிக் கடிதம் வந்த நாளில் தெரிந்துகொள்பவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். அந்த அறைகளுக்குச் சொத்து வரி விதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாநகராட்சியில் மனுக்கொடுத்து வரியைத் திருத்தி விதிக்கச் செய்யுங்கள். வரி ரசீது அனுமதிக்கு ஈடாகாது, ஆனால் நீங்கள் மறைக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இனி வீட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியவற்றுள் உடனே கைவைக்க வேண்டியவை ஓதமும் கம்பியும்தான். ஒப்பந்ததாரர் ஃபால்ஸ் சீலிங்கைச் சேர்த்திருப்பது எனக்கு உறுத்துகிறது. காரை பெயர்ந்த கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டால் குறை கண்ணுக்கு மறையுமே தவிர, உள்ளே கம்பி துருப்பிடிப்பது நிற்காது. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியாக மேலும் ஈரம் இறங்கும். கொஞ்சம் அனுபவமுள்ள பொறியாளர் பழைய வீட்டில் புதிய சீலிங்கைக் கண்டதும் விளக்குக்காக வெட்டிய துளை வழியாகக் கைவிளக்கை அடித்துப் பார்ப்பார். நானும் பார்த்திருக்கிறேன். உளுத்த காரையைத் தட்டி உதிர்த்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பூசுவதுதான் முறை. கம்பி கண்ணுக்குத் தெரியும்படி அரித்து மெலிந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் உயரத்துக்கு நீர் கட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டு, கீழே கூரையைப் பாருங்கள். (மரத்துலாம்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ எடை கூடும்.) தட்டோடுகளின் இணைப்புகள், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, மேல்நிலைத் தொட்டியின் அடி, சன்ஷேடின் மேற்புறம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் குற்றவாளி இருக்கும். கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே நறுக்கிவிட்டுப் போகாமல், வேர் போன வழியைக் கொத்தித் திறந்து பிடுங்கிவிட்டு அடையுங்கள். தரையை ஒட்டி மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்து நிற்கும் ஓதம் வேறு வகை. அது நிலத்திலிருந்து ஏறுவது. அதை முழுவதும் நிறுத்துவது கடினம் என்பதால், பழைய பூச்சை அந்த உயரத்துக்கு உரித்து நீர்காப்புக் கலவையால் மீண்டும் பூசுவதோடு நிறுத்திக்கொண்டு, உள்ளதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

தை மாதம் என்று நீங்கள் குறித்திருப்பது ஒரு வகையில் வசதி. மொட்டை மாடி வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதைச் சோதித்துச் சொல்லட்டும். மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்த பிறகு மார்கழிக் கடைசியில் பெயின்ட் அடியுங்கள். போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம்தானே. ஈரச் சுவரில் புட்டி பூசி அடித்த பெயின்ட் இரண்டே மாதத்தில் கொப்புளித்து, எந்தக் கறையை மறைக்க அடித்தீர்களோ அதை ஊருக்குக் காட்டும். உள்ளே வெளிறிய நிறம் ஒன்றே எல்லா அறைகளுக்கும் போதும்.

மொசைக் தரையைப் பெயர்க்காதீர்கள். இயந்திரம் வைத்து மெருகேற்றினால் 1988இன் மொசைக் இன்றைய டைல்ஸைவிட எடுப்பாக இருக்கும், செலவும் அதில் சிறு பங்குதான். சமையலறையையும் விட்டுவிடுங்கள், வாங்குபவர் வீட்டு அம்மையார் தமக்கு ஏற்றபடி மாற்றத்தான் போகிறார். ஒப்பந்ததாரரின் கணக்கில் விடுபட்ட ஒன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுகிறது. நீங்கள் பதினைந்து லட்சம் ஏற்றிச் சொன்னால் அவர் அதற்குமேல் 1,35,000 ரூபாய் செலவு செய்ய வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு தாண்டிய வீட்டில் விலையின் பெரும்பகுதி நிலத்துக்கு உரியது. டைல்ஸுக்காக யாரும் நிலத்தின் விலையைக் கூட்டித் தர மாட்டார்கள்.

பூட்டிய வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. குளியலறைத் தரைக் குழியில் தேங்கி நிற்க வேண்டிய நீர் வற்றிவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சிகளும் உள்ளே வரும். வாரம் ஒரு முறை யாரையாவது அனுப்பி, ஒவ்வொரு குழியிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, சன்னல்களைத் திறந்துவைத்து, மோட்டாரை ஓட்டச் சொல்லுங்கள். நிலைப்படிகளில் கரையான் மண் கோடு தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். இருட்டு வீட்டுக்கு விலை கேட்பவர் இருட்டு விலையே கேட்பார். தந்தையின் புத்தகங்கள், மாலையிட்ட படங்கள், பூஜை அறைச் சாமான்கள் எல்லாவற்றையும் வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு முன்பே எடுத்துவந்துவிடுங்கள். மாலையிட்ட படத்தின் கீழே நின்று விலை பேசுவது அவர்களுக்கும் சங்கடம், உங்கள் அம்மாவுக்கும் வேதனை. அசல் பத்திரங்களைத் தரகர் உட்பட யார் கையிலும் கொடுக்காதீர்கள். நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): எங்களுடையது முற்றமும் தேக்குத் தூண்களும் உள்ள நூறாண்டு கண்ட நாட்டு ஓட்டு வீடு. இடித்துத் தரைமட்டமாக்கி வெறும் மனையாக விற்றால் சீக்கிரம் போகும் என்கிறார் தரகர். தூண்களைத் தனியே விற்றுவிடலாம் என்றும் யோசனை சொல்கிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, பொதுச்சுவரில் நிற்பவையா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் இடிக்கும்போது அண்டை வீட்டின் உத்தரமும் ஆடும். அந்த வழக்கோடு மனையை யார் வாங்குவார்? வரி விதிப்பும் மின், குடிநீர் இணைப்புகளும் உயிரோடு இருக்கும் வீட்டை இடித்துவிட்டு, அவற்றை மீண்டும் பெறும் அலைச்சலை வாங்குபவர் மீது சுமத்துவதும் விலையைக் குறைக்கவே செய்யும். இடிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உடைந்த ஓடுகளை மாற்றி, கூரை ஓடுகளை மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயின்டோ கூடவே கூடாது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். நீர்த்த சுண்ணாம்பே அதற்கு உரிய வெள்ளை. முற்றத்து நீர் வெளியேறும் வழியைத் தூர் எடுங்கள்.

தூண்களைப் பொறுத்தவரை, அவற்றைக் கழற்றி விற்றுவிட்டால் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டிவரும், வீட்டின் கவர்ச்சியும் போகும். காரைக்குடிக் கடைகளில் பழைய தூண்களுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்து வீட்டுக்கு விலை சொல்லுங்கள். ஊஞ்சலையோ பூஜை அறைக் கதவையோ நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், விற்பனை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி விலக்கி எழுதுங்கள். வீட்டோடு பொருத்தப்பட்டவை எல்லாம், வேறு விதமாக எழுதாதவரை, கிரயத்தோடு வாங்குபவருக்கே சேரும் என்பது சொத்து மாற்றுச் சட்டம்.

கேள்வி (வாசகர், சென்னை): அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள என் வீட்டில் வாடகைக்கு ஒருவர் இருக்கிறார். அவரை வைத்துக்கொண்டே விற்கலாமா?

பதில்: முதலீட்டுக்காக வாங்குபவர் கிடைத்தால் விற்கலாம், குடியேற வாங்குபவர் காலியாகத்தான் கேட்பார். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தை மதித்து, எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அதுவரை வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று அவரோடு பேசி வைத்து, அப்போது மட்டும் ஆட்களை அழைத்துச் செல்லுங்கள். முகம் சுளித்த குடித்தனக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை தரகரின் நூறு வார்த்தைகளை அடித்துவிடும். சங்கத்தில் நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், பத்திரத்தில் உங்கள் யு.டி.எஸ். (நிலத்தில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) பரப்பும் வாகன நிறுத்துமிடமும் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். பழைய கட்டடம் என்றால் விலை பேசுபவர் யு.டி.எஸ்.ஸைத்தான் முதலில் கேட்பார்.

கேள்வி (வாசகி, கோவில்பட்டி): வாஸ்துப்படி சமையலறை தவறான மூலையில் இருக்கிறது. மாற்றிவிட்டு விற்கலாமா?

பதில்: வேண்டாம். வாங்குபவர் தம்முடைய வாஸ்து நிபுணரோடு வருவார்; அவர் உங்கள் நிபுணர் சொன்னதை ஒப்புக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை.

கேள்வி (வாசகர், கோவை): 1996இல் வாங்கிய வீட்டை விற்கப் போகிறேன். விற்பதற்காகச் செய்யும் செப்பனிடும் செலவை வரிக் கணக்கில் கழிக்கலாமா? வாங்குபவர் விலையில் பாதியை ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: பெயின்ட், குழாய் மாற்றம், ஒட்டுவேலை போன்ற பராமரிப்பைக் கழிக்க இயலாது. புதிய அறை எழுப்பியது போன்ற மூலதனச் செலவுகளை, ரசீதுகள் இருந்தால் கழிக்கலாம். தரகுத் தொகையும் பத்திரத்துக்காக வழக்கறிஞருக்குக் கொடுத்ததும் விற்பனைச் செலவாகக் கழியும். நீங்கள் 2001க்கு முன் வாங்கியவர் என்பதால், அசல் விலைக்குப் பதிலாக 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் இதற்கான அறிக்கையை விற்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வாங்குபவர் கட்டடத்தை இடித்துவிட்டால் பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. 23-7-2024க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம் அல்லது சரிக்கட்டோடு 20 சதவீதம், இவற்றுள் வரி குறைவாக வருவதன்படி செலுத்தலாம். இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரொக்கத்தை மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த அபராதம் விற்றவரான உங்கள் மீதுதான் விழும். வழிகாட்டி மதிப்பு பத்திரத்தில் காட்டிய விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விலையாக வைத்து வரி போடுவார்கள். இன்னொரு வீடு வாங்கி வரிவிலக்குப் பெற எண்ணினால், விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதென்றால் மூன்று ஆண்டுகள். பெட்டியில் வைத்த ரொக்கம் அதற்கும் உதவாது. முன்பணத்தையே வங்கிக் கணக்கு வழியாகப் பெற்று, அந்தப் பரிவர்த்தனை எண்ணை விற்பனை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.